குடலுக்கு மார்க் போட முடியுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடமாகக் காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் மூன்று, நான்கு முறை வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. வயிற்றை முறுக்கும், போய்விட்டு வந்தால் தணியும். சாப்பிட்டதும் உப்புசம். மோஷன் டெஸ்டில் நான்கு தடவை 'இ.ஹெச். சிஸ்ட்' என்று வந்தது. நான்கு தடவையும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன். அப்புறம் ஆன்லைனில் 14,000 ரூபாய் கொடுத்து குடல் பாக்டீரியா கிட் வாங்கி மாதிரி அனுப்பினேன். என் குடலுக்கு 100-க்கு 41 மார்க் என்றும், பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா மிக அதிகம் என்றும் ரிப்போர்ட் வந்தது. அரிசி, பருப்பு, பால், சின்ன வெங்காயம், பூண்டு, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தினேன். உப்புசம் பாதி குறைந்தது. ஆனால் நான்கு மாதத்தில் 54 கிலோவிலிருந்து 49 கிலோவுக்கு வந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்டைத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? 62 வயதான என் அம்மாவுக்கும் ஒரு கிட் வாங்கட்டுமா? அவருக்கு மூலம் இருக்கிறது, ஆறேழு மாதமாக அவ்வப்போது ரத்தம் போகிறது.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அம்மாவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலை தருகிறது.

அம்மாவுக்குக் கிட் வேண்டாம். எந்த மலப் பரிசோதனையும் இப்போது வேண்டாம். 62 வயதில் புதிதாக ரத்தம் போக ஆரம்பித்தால் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்து பார்க்க வேண்டும். 'மூலம் இருக்கிறது' என்று யார் சொன்னார்கள்? மருத்துவர் ஆசனவாயைப் பரிசோதித்துச் சொன்னாரா, அல்லது ரத்தம் வந்ததால் வீட்டிலேயே அப்படி முடிவு செய்துகொண்டீர்களா? நம் ஊரில் ரத்தம் போனாலே மூலம்தான். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதியிருக்கிறது. மூலம் இருப்பவருக்கே பெருங்குடலில் கட்டியும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது.

மறை ரத்தம் பார்க்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறதே, அதை எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுவதற்காக வந்த டெஸ்ட் அது. அம்மாவுக்கு ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது. டெஸ்டில் 'இல்லை' என்று வந்தால் என்ன செய்வீர்கள்? நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 48 வயது நெசவாளர் ஒருவர் களைப்பு என்று வந்தார். ஹீமோகுளோபின் 8 கிராம், இரும்புச் சத்து குறைவு. மறை ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தேன், 'நெகட்டிவ்' என்று வந்தது. இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து வயிறு வீங்கி வந்தார். வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி, குடலை அடைத்திருந்தது. குடல் கட்டி தினமும் ஒரே அளவில் ரத்தம் விடாது. அன்றைக்கு நாம் எடுத்த துளியில் ரத்தம் இல்லை என்பதை வைத்துக் குடலில் எதுவுமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு, காரணம் தெரியாத ரத்தசோகை உள்ள ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ அந்த டெஸ்ட் முடிவை நம்பி நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அதற்காக அதைக் கெட்ட டெஸ்ட் என்று சொல்லிவிடக் கூடாது. எந்தத் தொந்தரவும் இல்லாத 45, 50 வயதுக்காரர்களுக்கு அது அருமையான டெஸ்ட். இப்போது வரும் முறைக்கு ஃபிட் என்று பெயர். மனித ரத்தத்தில் உள்ள குளோபினை மட்டும் பிடிக்கும். பழைய முறையில் ஆட்டுக்கறி, முள்ளங்கி சாப்பிட்டிருந்தால் தவறாக 'உண்டு' என்று காட்டும், வைட்டமின் சி மாத்திரை போட்டிருந்தால் தவறாக 'இல்லை' என்று காட்டும். ஃபிட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஜப்பானில் 1992 முதல் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த முறையில்தான் வருடாவருடம் பார்க்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 80 பேரை ஒரே தடவையில் காட்டிக் கொடுக்கும். மீதி 20 பேரைத் தவறவிடும். அதனால்தான் ஒரு தடவையோடு நிறுத்தாமல் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். 'உண்டு' என்று வந்தால் உடனே கொலோனோஸ்கோபி. நெகட்டிவ் வரும்வரை இன்னொரு தடவை, இன்னொரு லேப் என்று அலையக் கூடாது. இரைப்பையிலிருந்து வரும் ரத்தத்தை ஃபிட் பெரும்பாலும் காட்டாது, ஏனென்றால் குளோபின் வழியிலேயே செரித்துவிடும். இந்த மாதத்துக்குள் அம்மாவை ஒரு இரைப்பை குடல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சரி, இனி உங்கள் வயிறு.

நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. வலி வருகிறது, வெளிக்குப் போனதும் தணிகிறது, காலையில் கிளம்பும் அவசரத்தில்தான் அதிகம். இரண்டு வருடமாக இப்படி இருப்பதைப் பார்த்தால் ஐ.பி.எஸ். என்று நாங்கள் சொல்லும் குடல் எரிச்சல் தொந்தரவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடலில் புண் இருக்காது. குடலின் அசைவும் உணர்வும் கூர்மையாகிவிட்டிருக்கும். கற்பனையான வியாதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வலி நிஜம். ஆனால் நேரில் பார்க்காமல் நான் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி வெளிக்கு வருகிறதா? ரத்தம் உண்டா? காய்ச்சல் உண்டா? குடும்பத்தில் குடல் புற்றுநோயோ குடல் அழற்சியோ இருந்ததா? எடை குறைந்தது உணவை நிறுத்திய பிறகா, அதற்கு முன்பே ஆரம்பித்ததா?

இப்போது அந்த 'இ.ஹெச். சிஸ்ட்' கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போல வருடக்கணக்கில் மெட்ரோனிடசோல் விழுங்கியவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

சுண்டைக்காய் அளவு மலத்தில் ஒரு குச்சி நுனி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் உப்புநீர்ச் சொட்டிலும் மறுபக்கம் அயோடின் சொட்டிலும் கரைப்பார்கள். உப்புநீர்ப் பக்கத்தில் உயிருள்ள அமீபா இருந்தால் விரல் நீட்டுவது போல ஒரு பக்கம் நீண்டு மெதுவாக நகரும். அதன் வயிற்றுக்குள் சிவப்பணுக்கள் விழுங்கப்பட்டுக் கிடந்தால், அது சீதபேதி உண்டாக்கும் நிஜமான எண்டமீபா ஹிஸ்டோலிடிகாதான் (ரிப்போர்ட்டில் வரும் 'இ.ஹெச்.' இதன் சுருக்கம்) என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இதைப் பார்க்க மலம் சூடு ஆறாமல் அரை மணி நேரத்துக்குள் மேசைக்கு வர வேண்டும். அதற்கு மேல் ஆனால் அமீபா செத்துச் சிதைந்துவிடும். காலை ஆறு மணிக்கு டப்பாவில் பிடித்து, பத்து மணிக்கு லேப் திறந்ததும் கொடுத்தால் அதில் நகர எதுவும் இருக்காது.

அயோடின் பக்கத்தில் தெரிவதுதான் சிஸ்ட், அதாவது அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கூடு. உருண்டையாக, உள்ளே நான்கு கருக்களோடு இருக்கும். சிக்கல் இங்கேதான். எண்டமீபா டிஸ்பார் என்று இன்னொரு அமீபா இருக்கிறது. அதன் கூடும் அச்சு அசலாக இதே மாதிரிதான் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு கெட்டிக்காரர் பார்த்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. டிஸ்பார் எந்த நோயும் செய்யாது, மனிதக் குடலில் பெரும்பாலும் இருப்பதும் அதுதான். 1997-லேயே உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கூட்டை மட்டும் பார்த்து 'ஹிஸ்டோலிடிகா' என்று எழுதாதீர்கள், இரண்டில் ஒன்று என்று எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது. நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் இன்றும் 'இ.ஹெச். சிஸ்ட்' என்றே வருகிறது. போதாக்குறைக்கு, சீழ் செல்லையும் கூடு என்று தவறாக எண்ணிவிடுவது உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவேளை அது நிஜமான ஹிஸ்டோலிடிகாவே என்று வைத்துக்கொண்டாலும், மெட்ரோனிடசோல் குடல் சுவருக்குள் புகுந்த அமீபாவைத்தான் நன்றாகக் கொல்லும். குடலுக்குள் மிதக்கும் கூட்டை ஒழிக்க டைலோக்சனைடு போன்ற வேறு மருந்து வேண்டும். ஆக, நான்கு முறை நீங்கள் சாப்பிட்ட மாத்திரை எப்படிப் பார்த்தாலும் அந்தக் கூட்டுக்கான சரியான மருந்து இல்லை. வாயில் அந்த உலோகச் சுவையும் குமட்டலும்தான் மிஞ்சியிருக்கும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஹிஸ்டோலிடிகாவை மட்டும் பிரித்துக் காட்டும் ஆன்டிஜென் டெஸ்ட் அல்லது பி.சி.ஆர். எடுக்கலாம். கூடவே ஜியார்டியா ஆன்டிஜெனும் பார்த்துவிடுங்கள். உப்புசம், தளர்ந்த மலம், எடை குறைவு மூன்றையும் ஜியார்டியா கொண்டுவரும். அதன் கூடு எல்லா நாளும் மலத்தில் வராது என்பதால் மைக்ரோஸ்கோப் பல தடவை கோட்டை விட்டுவிடும்.

அடுத்து, 41 மார்க் போட்ட அந்த ரிப்போர்ட்.

மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களின் மரபணுத் துண்டுகளைப் படித்து, எந்தெந்த வகை எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். படித்துப் பார்ப்பது நிஜமான விஞ்ஞானம்தான். பல நாட்டு ஆய்வாளர்கள் பல வருடமாகச் செய்துவருகிறார்கள். பட்டியலிலிருந்து மார்க்குக்குத் தாவும் இடத்தில்தான் விஞ்ஞானம் நின்றுவிடுகிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் பெண்ணுக்கு ரத்தசோகை என்று சொல்ல நம்மிடம் ஒரு கோடு இருக்கிறது. 'ஆரோக்கியமான குடல் பாக்டீரியா' என்பதற்கு அப்படி ஒரு கோடு உலகத்தில் எங்கும் இன்னும் போடப்படவில்லை. நோயே இல்லாத இரண்டு பேரின் பட்டியல் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். ஒரே ஆளுக்கு இந்த வாரமும் அடுத்த வாரமும் மாறும். நீங்கள் நான்கு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடித்தபின் அனுப்பிய மாதிரியில் எதைப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், அந்தப் பிரிவோடெல்லா. அரிசி, பருப்பு, காய், கீரை என்று நார்ச்சத்து சாப்பிடும் மக்களின் குடலில் அது நிறைய இருக்கும். இந்தியர்களை எடுத்துச் செய்த ஆய்வுகளில் அது அடிக்கடி முன்வரிசையில் வருகிறது. உங்களை எந்த நாட்டு, எந்தச் சாப்பாட்டுக்காரர்களோடு ஒப்பிட்டு 'மிக அதிகம்' என்றார்கள்? ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள், அது எழுதியிருக்கிறதா என்று. எழுதவில்லை என்றால் அந்த 'அதிகம்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

மலத்தில் வருவது பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மிதந்துகொண்டிருந்தவை. குடல் சுவரோடு ஒட்டி வாழ்பவை வேறு. இருபது அடி சிறுகுடலில் இருப்பவை அதற்கும் வேறு. பந்தி முடிந்து வெளியே விழுந்த இலைகளைப் பார்த்தால் என்ன பரிமாறினார்கள் என்று ஓரளவு சொல்லலாம். சமையற்கட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இத்துறையில் வேலை செய்யும் பல நாட்டு நிபுணர்கள் கூடி 2024 இறுதியில் ஒரு பொது அறிக்கை வெளியிட்டார்கள். மருத்துவர் சொல்லாமல் நோயாளிகள் தாங்களாகவே இந்த டெஸ்டை எடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்பது அதில் ஒன்று. இரண்டு பெரிய பாக்டீரியாக் குடும்பங்களின் விகிதத்தை ரிப்போர்ட்டில் போட வேண்டாம் என்பது இன்னொன்று. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த விகிதம் முதல் பக்கத்திலேயே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற யோசனையை விட்டுவிடுங்கள். 41 என்பது 58 ஆனாலும் 35 ஆனாலும் உங்கள் சிகிச்சையில் நான் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இதே மாதிரிப் பொட்டலங்களில் 'சோனுலின்' என்று குடல் சுவர் கசிகிறதா எனப் பார்க்கும் டெஸ்டையும் சேர்த்து விற்கிறார்கள், அதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

'ஆனால் உப்புசம் குறைந்ததே டாக்டர்' என்பீர்கள். குறைந்திருக்கும், நம்புகிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, பருப்பு இவற்றில் உள்ள ஒரு வகை மாவுச்சத்தை மனிதக் குடல் செரிப்பதில்லை. பாக்டீரியா அதைப் புளிக்க வைத்துக் காற்று உண்டாக்கும். கூர்மையான குடல் உள்ளவருக்கு அந்தக் காற்றே வலி. பாலில் உள்ள லாக்டோஸும் நம்மில் பலருக்கு முழுதாகச் செரிக்காது. இதெல்லாம் எல்லா ஐ.பி.எஸ். நோயாளிக்கும் பொருந்தும், உங்கள் பாக்டீரியா பட்டியலைப் பார்க்காமலே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த உணவு முறையை நான்கிலிருந்து ஆறு வாரம்தான் வைத்திருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் நான்கு மாதம் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு ஐந்து கிலோ இழந்திருக்கிறீர்கள். அரிசியை நிறுத்தியதற்குக் காரணமே இல்லை. வயிற்றுக்கு மிகவும் சாதுவான தானியம் அது. இன்றைக்கே சோற்றையும் இட்லியையும் ஆரம்பியுங்கள். அடுத்த வாரம் பாசிப்பருப்பு, கொஞ்சமாக. அதற்கடுத்து தயிர். வெங்காயமும் பூண்டும் கடைசியில்.

அப்படியானால் உங்களுக்கு எந்த மலப் பரிசோதனையும் வேண்டாமா என்றால், ஒன்று அவசியம் வேண்டும். கால்புரோடெக்டின். குடல் சுவரில் அழற்சி இருந்தால் அங்கே வெள்ளை அணுக்கள் குவியும், அவற்றிலிருந்து கசியும் புரதம் இது. மலத்தில் இதை அளக்கும் முறை 1992-ல் நார்வேயில் வந்தது. ஐ.பி.எஸ்.ஸா, நிஜமான குடல் அழற்சியா என்று பிரிக்க இதைவிட எளிய டெஸ்ட் இல்லை. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குரோன், அல்சரேடிவ் கோலைடிஸ் போன்ற அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250-க்கு மேலே போனால் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். இடையில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. எண் ஏறியிருந்தால் அழற்சி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. கிருமித் தொற்றிலும் ஏறும், நம் நாட்டில் குடல் காசநோயிலும் ஏறும். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளாலும் ஏறும். கடைசி இரண்டு வாரத்தில் அப்படி ஏதாவது போட்டிருந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருந்து மாதிரி கொடுங்கள்.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. ஆன்டிபாடி பார்க்க வேண்டும். சீலியாக் நோய் தென்னிந்தியாவில் அரிதுதான், ஆனாலும் எடை குறைந்திருப்பதால் விடக் கூடாது. டி.டி.ஜி. பார்ப்பதற்கு முன் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் டெஸ்ட் பொய் சொல்லும். கணையம் சரியாக வேலை செய்கிறதா என்று மலத்தில் பார்க்கும் எலாஸ்டேஸ் டெஸ்ட் உங்களுக்குத் தேவை என்று தோன்றவில்லை. மலம் எண்ணெய் மிதந்து, கழுவினாலும் போகாமல் ஒட்டினால் மட்டும் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பதில் பலர் தப்புச் செய்வதால் ஒரு வார்த்தை. இந்திய முறைக் கழிப்பறையில் ஒரு பழைய செய்தித்தாளை நான்காக மடித்து விரித்து அதன் மேல் பிடியுங்கள். சிறுநீரோ தண்ணீரோ ஃபினாயிலோ கலக்கக் கூடாது. டப்பா மூடியோடு வரும் சிறிய கரண்டியால் சுண்டைக்காய் அளவு போதும். சளியோ ரத்தமோ தெரிந்தால் அந்த இடத்திலிருந்தே எடுங்கள். கால்புரோடெக்டினுக்குக் காலையில் முதலில் போகும் மலம் நல்லது, சில மணி நேரம் தாமதமானாலும் கெடாது. அமீபா பார்க்க வேண்டுமென்றால் லேபுக்கே போய் அங்கே கொடுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, அதற்குப் பணம் வேண்டாம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், மலம் எப்படி இருந்தது, அன்று என்ன சாப்பிட்டீர்கள், வலி எவ்வளவு. 1997-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் மலத்தின் உருவத்தை ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஆட்டுப் புழுக்கை போல இருந்தால் 1, வாழைப்பழம் போல வழவழப்பாக இருந்தால் 4, கூழ் போல இருந்தால் 6, வெறும் தண்ணீர் 7. அந்த எண்ணை மட்டும் குறித்தால் போதும். பள்ளி விடுமுறை நாட்களையும் தனியாகக் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறைதான் போனீர்கள் என்றால் அது எனக்கு அந்த 14,000 ரூபாய் ரிப்போர்ட்டைவிடப் பெரிய தகவல்.

இந்த நோட்டையும் கால்புரோடெக்டின் முடிவையும் எடுத்துக்கொண்டு, அம்மாவைக் காட்டப் போகும் அதே மருத்துவரிடம் நீங்களும் காட்டுங்கள். இரவில் எழுப்பும் பேதி, ரத்தம், காய்ச்சல் ஏதாவது வந்தாலோ, சோறு சாப்பிட ஆரம்பித்தும் ஒரு மாதத்தில் எடை ஏறாவிட்டாலோ நோட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முடிவுகள் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்து.